சோயா விலை ஏறினா பன்றிப் பட்டியில் என்ன செய்யலாம்? பாதியை மாத்தலாம்... ஆனா எதை வச்சு மாத்துறோம் என்பதில் உஷார்!

நாமக்கல்:

கோழிப் பண்ணைக்காரர்களுக்கு சோயா புண்ணாக்கு விலை ஏறினால் அது பெரிய செய்தி. முட்டை விலையும் ஏறும், ஊரெல்லாம் பேசுவார்கள். அதே சோயாவை வாங்கித்தான் வெண்பன்றி வளர்க்கிறவர்களும் பிழைப்பு நடத்துகிறார்கள். ஆனால் 10 பன்றி, 20 பன்றி வைத்திருக்கும் சின்னப் பண்ணைக்காரர் படும் பாடு வெளியே தெரிவதே இல்லை.

2021-ம் வருஷம் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் சோயா புண்ணாக்கு கிலோ 80 ரூபாயைத் தாண்டிப் போனது. தீவனம் வாங்க முடியாமல் பண்ணைகள் திணறின. கடைசியில் 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயா புண்ணாக்கை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்துகொள்ள மத்திய அரசு ஆகஸ்டு மாதம் அனுமதி கொடுத்தது.

சோயா நம்ம ஊர்ப் பயிர் அல்ல. பெரும்பாலும் மத்திய பிரதேசம், மராட்டியம், ராஜஸ்தானில் விளைகிறது. அங்கே மழை பொய்த்தாலும், வியாபாரிகள் சரக்கைப் பதுக்கினாலும் இங்கே பட்டியில் இருக்கும் பன்றிக்குத் தீனி குறையும். பன்றி வளர்ப்பில் ஆகிற மொத்தச் செலவில் 100-க்கு 70 ரூபாய் வரை தீவனத்துக்கே போய்விடுகிறது. அதனால்தான் 'சோயாவுக்கு மாத்தா வேற ஏதாவது போடலாமா?' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

போடலாம். ஆனால் கண்டதையும் போட்டால், மிச்சம் பிடிக்க நினைத்த பணம் இரண்டு மடங்காகக் கையை விட்டுப் போய்விடும். அது எப்படி என்று பார்ப்போம்.

ஓட்டல் சோறு மட்டும் போதாதா?

தமிழ்நாட்டில் பல பண்ணைகள் ஓட்டல், கல்யாண மண்டபம், விடுதிகளில் மிஞ்சும் சாப்பாட்டை நம்பித்தான் நடக்கின்றன. செலவு குறைவு என்பது நிஜம். ஆனால் அதில் முக்கால்வாசி தண்ணீர். மீதியில் பெரும்பகுதி சோறு, அதாவது மாவுச்சத்து. இதை மட்டும் தின்று வளரும் பன்றிக்குக் கொழுப்புதான் ஏறும், கறி ஏறாது. வியாபாரி வந்து முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்பது இதனால்தான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சல் 2020-ல் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தது. அசாம், அருணாசல பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான பன்றிகள் செத்தன. 2022-ல் பக்கத்து மாநிலமான கேரளாவின் வயநாட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது. மனுஷனுக்கு இந்த நோய் வராது. ஆனால் பன்றிக்கு வந்தால் பட்டியே காலி. வேகாத பன்றிக்கறித் துண்டு கலந்த எச்சில் சாப்பாடு இந்தக் கிருமி பரவும் வழிகளில் ஒன்று. ஓட்டல் சாப்பாட்டை 90 டிகிரி சூட்டில், கிளறிக்கிட்டே 1 மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும் என்பது உலக விலங்குகள் நல அமைப்பின் விதி. விறகுச் செலவைக் கணக்குப் போட்டால் அதுவும் இலவசம் அல்ல.

ஆக, புரதத்துக்கு வேறு வழி பார்த்தே ஆக வேண்டும்.

மாடு வேற, பன்றி வேற

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'மாட்டுக்குப் போடுறோமே, பன்றிக்குப் போட்டா என்ன?' என்று நினைக்கிறார்கள்.

மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மட்டமான புரதத்தைக் கொடுத்தாலும் அந்த நுண்ணுயிர்கள் அதை நல்ல புரதமாக மாற்றிக் கொடுத்துவிடும். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. கொடுத்தது எதுவோ, அதுதான் உடம்பில் சேரும்.

புரதம் என்பது ஒரே பொருள் அல்ல. 20 வகை அமினோ அமிலங்கள் சேர்ந்ததுதான் புரதம். இதில் பன்றிக்கு முதலில் பற்றாக்குறை ஆவது 'லைசின்' என்ற ஒன்று. சுவர் கட்டும்போது செங்கல், மணல், தண்ணீர் எல்லாம் இருந்து சிமெண்டு மட்டும் தீர்ந்துபோனால் வேலை நின்றுவிடும் அல்லவா? அதே கதைதான். லைசின் தீர்ந்தால் மற்ற புரதம் எவ்வளவு இருந்தாலும் கறி ஏறாது. மிச்சப் புரதம் மூத்திரமாகப் போய்விடும். பட்டியில் நாற்றம் கூடும், அவ்வளவுதான்.

சோயாவுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றால் இதற்காகத்தான். 100 கிலோ சோயா புண்ணாக்கில் சுமார் 45 கிலோ புரதம். அதில் லைசின் மட்டும் கிட்டத்தட்ட 2.8 கிலோ. கடலைப் புண்ணாக்கில் புரதம் 40 கிலோவுக்கு மேல் இருந்தாலும் லைசின் 1.5 கிலோ அளவுதான். எள்ளுப் புண்ணாக்கில் சுமார் 1 கிலோ. தேங்காய்ப் புண்ணாக்கில் அரை கிலோவைக் கொஞ்சம் தாண்டும்.

எனவே 'இதில் புரதம் எத்தனை சதவீதம்?' என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாக அர்த்தம். 'லைசின் எவ்வளவு?' என்பது மீதிப் பாதி.

எது எது தேறும்?

கடலைப் புண்ணாக்கு: சோயாவுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பன்றி விரும்பித் தின்னும். லைசின் குறையைத் தனியாக ஈடுகட்ட வேண்டும். பூஞ்சை பிடிப்பதுதான் பெரிய வில்லங்கம். அதைப் பற்றிப் பின்னால்.

எள்ளுப் புண்ணாக்கு: லைசின் கம்மி. ஆனால் 'மெத்தியோனின்' என்ற இன்னொரு அமினோ அமிலம் இதில் அதிகம். சோயாவிலும் கடலையிலும் குறைவது அதுதான். அதனால் 100 கிலோ தீவனத்தில் 5 கிலோ எள்ளுப் புண்ணாக்கு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். தனியாக மட்டும் போட்டால் பிரயோஜனம் இல்லை.

தேங்காய்ப் புண்ணாக்கு: காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் தாராளமாகக் கிடைக்கும். புரதம் 20 சதவீதம்தான். நார் அதிகம். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வளர்ந்த பன்றிக்குக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். குட்டிக்கு வேண்டாம்.

சூரியகாந்திப் புண்ணாக்கு: தோல் நீக்கியது என்றால் பரவாயில்லை. தோலோடு ஆட்டியது என்றால் நார் கூடுதல், பன்றிக்குச் செரிக்காது.

டி.டி.ஜி.எஸ்.: பெட்ரோலில் கலக்கும் எத்தனால் தயாரிக்கும் ஆலைகளில் இருந்து வரும் சக்கை. அரிசியில் எடுத்தது என்றால் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும். மக்காச்சோளத்தில் எடுத்தது 26 முதல் 30 சதவீதம். எத்தனால் ஆலைகள் பெருகியதால் இந்தச் சரக்கும் சந்தையில் பெருகிவிட்டது. ஆனால் ஆலைக்கு ஆலை தரம் மாறும். லைசின் குறைவு. பூஞ்சை நஞ்சும் இருக்கலாம். பரிசோதனை சீட்டு இல்லாமல் வாங்குவது சூதாட்டம் மாதிரி.

அசோலா: ஆசையும் கணக்கும்

'தொட்டியில அசோலா விட்டா போதும், சோயாவே வேண்டாம்' என்று சொல்பவர்கள் உண்டு. அசோலா நல்ல பொருள்தான். உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் இருக்கிறது. லைசினும் சுமாராக உண்டு. ஆனால் பச்சை அசோலாவில் 100-க்கு 93, 94 பங்கு தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ பச்சை அசோலாவைப் பிழிந்து காய வைத்தால் தேறுவது சுமார் 60 கிராம். அதில் புரதம் 15 கிராம்கூட வராது. 100 கிராம் சோயா புண்ணாக்கில் இருக்கும் 45 கிராம் புரதத்துக்கு 3 கிலோவுக்கு மேல் அசோலா வேண்டும். ஒரு பன்றிக்கே இப்படி என்றால் 20 பன்றிக்கு எத்தனை தொட்டி கட்டுவது?

அதனால் அசோலாவைக் கீரை மாதிரி நினைத்துக் கொள்ளலாம். பெரிய பன்றிக்கும் சினைப் பன்றிக்கும் தினமும் கொஞ்சம் கொடுக்கலாம். சோறே அதுதான் என்று நினைக்கக் கூடாது. வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழைகளுக்கும் இதே கதைதான்.

சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கம் மரவள்ளி பிடுங்கும்போது தழை மலை மலையாக வீணாகிறது. உலர்ந்த மரவள்ளி இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் பச்சை இலையில் சயனைடு நஞ்சு இருக்கிறது. நறுக்கி, நன்றாக வெயிலில் சருகாகக் காய வைத்து, தூளாக்கிக் கொஞ்சமாகச் சேர்த்தால்தான் பயம் இல்லை. அதே மரவள்ளியில் இருந்து ஜவ்வரிசி ஆலையில் வரும் திப்பியில் புரதம் பேருக்குத்தான். அது வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது.

தொடவே கூடாதவை

ஆமணக்குப் புண்ணாக்கு: இதில் உள்ள ரிசின் கொடிய விஷம். வயலுக்கு உரமாகப் போடுவதோடு சரி. வேப்பம் புண்ணாக்கு, புங்கம் புண்ணாக்கு, இலுப்பைப் புண்ணாக்கும் தீவனம் அல்ல.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு: மாட்டுக்குப் போட்டால் பால் கெட்டியாக வரும் என்பார்கள். பன்றிக்கு அதில் உள்ள காசிபால் என்ற பொருள் ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். ஒரே நாளில் தெரியாது. சில வாரம் கழித்து மூச்சு வாங்கி, நல்ல வளர்ந்த பன்றியே திடீரெனச் செத்து விழும்.

சவுண்டல் (சூபாபுல்) தழை: ஆடு நன்றாகத் தின்னும். பன்றிக்கு அதிகம் போட்டால் மிமோசின் என்ற பொருளால் முடி கொட்டும். சினை பிடிக்காது. காய்ந்த இலைத்தூள் 100 கிலோ தீவனத்தில் 5 கிலோவைத் தாண்ட வேண்டாம். சினைப் பன்றிக்கு அறவே வேண்டாம்.

பச்சை சோயா பயறு: 'புண்ணாக்குதானே விலை, பயறையே அரைச்சுப் போடுவோம்' என்று செய்பவர்களும் இருக்கிறார்கள். வேகாத சோயாவில் புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. வறுத்தோ வேக வைத்தோ கொடுத்தால் அது அழிந்துவிடும். கொள்ளு, தட்டைப்பயறுக்கும் இதே விதி. வேக வைக்காமல் கொடுத்தால் தின்றது தின்றபடி கழிந்து போகும்.

1 லட்சம் வான்கோழிகளைக் கொன்ற புண்ணாக்கு

1960-ம் வருஷம் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்துத் தேடினார்கள். பிரேசிலில் இருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சையில் இருந்து வந்த நஞ்சுக்கு 'அஃப்லாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த நஞ்சு இன்றைக்கும் ஈரமான கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வருகிறது. பன்றிக்கு ஈரல் கெடும், தீனி எடுக்காது, குட்டிகள் சவலையாக நிற்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. பூஞ்சை பிடித்த புண்ணாக்கைக் கழுவினாலும், வெயிலில் போட்டாலும், கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. மேலே இருக்கும் பச்சைப் பொடியைத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். சுவரில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது நல்லது.

யூரியா தில்லுமுல்லு

ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கி 'புரதம் இவ்வளவு' என்று சீட்டு கொடுக்கிறார்கள். இந்த ஓட்டையில்தான் கலப்படக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள்.

உர மூட்டையில் வரும் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். 100 கிலோ மட்டமான புண்ணாக்கில் 1 கிலோ யூரியாவைக் கலந்தால், சீட்டில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடிவிடும். மாடு கொஞ்சம் யூரியாவைச் சமாளித்துக்கொள்ளும். பன்றிக்கு அதனால் துளியும் பலன் இல்லை. அதனால் சந்தேகமான சரக்கு என்றால் 'யூரியா இருக்கா, அஃப்லாடாக்சின் இருக்கா' என்று சேர்த்தே பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

மூட்டை விலையைப் பாக்காதீங்க, புரத விலையைப் பாருங்க

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சோயா புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், தேங்காய்ப் புண்ணாக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் தேங்காய்ப் புண்ணாக்கு 20 ரூபாய் மலிவு. ஆனால் சோயாவில் 45 சதவீதம் புரதம். 50-ஐ 0.45-ஆல் வகுத்தால் 1 கிலோ புரதம் 111 ரூபாய். தேங்காயில் 20 சதவீதம். 30-ஐ 0.20-ஆல் வகுத்தால் 1 கிலோ புரதம் 150 ரூபாய். 'மலிவு' என்று வாங்கியதுதான் உண்மையில் விலை கூடியது!

இனி முழுத் தீவனத்துக்கு வருவோம். வளரும் பன்றிக்குத் தீவனத்தில் 18 சதவீதம் புரதம் வேண்டும்.

சோயாவை மட்டும் நம்பும் 100 கிலோ தீவனம்: மக்காச்சோளம் 55 கிலோ, தவிடு 18 கிலோ, சோயா புண்ணாக்கு 24 கிலோ, தாது உப்பு வகையறா 3 கிலோ.

சோயாவைப் பாதியாகக் குறைத்த 100 கிலோ தீவனம்: மக்காச்சோளம் 50 கிலோ, தவிடு 20 கிலோ, சோயா புண்ணாக்கு 12 கிலோ, கடலைப் புண்ணாக்கு 10 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு 5 கிலோ, தாது உப்பு 2 கிலோ, சாதா உப்பு அரை கிலோ, வைட்டமின் கலவை 250 கிராம், கடையில் தூளாகக் கிடைக்கும் லைசின் 250 கிராம்.

இரண்டிலும் புரதம் 18 சதவீதம். இரண்டிலும் லைசின் கிட்டத்தட்ட ஒரே அளவு. அந்த 250 கிராம் தூள் இல்லாவிட்டால் இரண்டாவது கலவை தோற்றுவிடும்.

செலவு? மக்காச்சோளம் 24, தவிடு 20, கடலைப் புண்ணாக்கு 42, எள்ளுப் புண்ணாக்கு 38, லைசின் 200 ரூபாய் என்று வைப்போம். சோயா 50 ரூபாயாக இருந்தால் 100 கிலோவுக்கு மிச்சம் ஆவது வெறும் 20 ரூபாய். மாத்துவதற்கு அவசியமே இல்லை. அதே சோயா 80 ரூபாய்க்குப் போனால் 380 ரூபாய் மிச்சம். ஒரு பன்றி விற்கும் எடைக்கு வர சுமார் 300 கிலோ தீவனம் தின்னும். பன்றிக்கு 1,140 ரூபாய். 20 பன்றிக்கு 22,800 ரூபாய்!

ஆக, மாற்றுப் புரதம் எப்போதும் லாபம் என்பதும் பொய், எப்போதும் நஷ்டம் என்பதும் பொய். விலை மாறும்போதெல்லாம் கணக்கைப் புதுசாகப் போட வேண்டும்.

தப்பாகப் போட்டால் என்ன ஆகும்? 8 மாதத்தில் விற்க வேண்டிய பன்றி 10 மாதம் ஆனாலும் எடைக்கு வராது. அந்த 2 மாதத்தில் தினம் 2½ கிலோ வீதம் 150 கிலோ தீவனம் கூடுதலாகத் தின்றிருக்கும். தீவனத்தில் பிடித்த மிச்சம் தீவனத்திலேயே கரைந்துவிடும்.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

* பால் மறக்காத குட்டிக்கும், பால் மறந்த புதுசிலும் பரீட்சை வேண்டாம். அதுகளுக்கு சோயாவே நல்லது. 30 கிலோவைத் தாண்டிய பன்றியில் ஆரம்பிக்கலாம்.

* ஒரே நாளில் மாத்தக் கூடாது. 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தீவனத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழிச்சல் பிடிக்கும்.

* முதலில் 2 பன்றிக்கு மட்டும் கொடுத்து 15 நாளைக்கு ஒரு தடவை எடை போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து 'நல்லா இருக்கு' என்பது கணக்கு ஆகாது.

* சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும்.

* தீனி எடுக்காமல் இருந்தாலோ, முடி கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே அந்தத் தீவனத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். தின்ற தீவனத்தில் ஒரு கைப்பிடி எடுத்துப் போவது நல்லது.

எந்தப் புண்ணாக்கை எவ்வளவு கலக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அரசு கால்நடை மருந்தகத்திலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உழவர் பயிற்சி மையங்களிலும் ஆலோசனை கேட்கலாம். செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றிப் பண்ணையும் உண்டு. போகும்போது ஊரில் என்னென்ன புண்ணாக்கு கிடைக்கிறது, கிலோ என்ன விலை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால், கலவைக் கணக்கை அங்கேயே போட்டு வாங்கி வந்துவிடலாம்.